வான்கூவர் தீவின் கறுப்பினக் குடியேறிகள்: ஆலய இருக்கையும் திருச்சபையின் சாட்சியும்

திருச்சபை வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பேராயர்கள், மன்றங்கள், மிஷன் சங்கங்கள் ஆகியவற்றின் வழியாகவே அதனை எழுதுகின்றனர். ஓர் ஆலயத்தில் எவர் எந்த இருக்கையில் அமர்ந்தார் என்னும் வினா, எழுதப்பட்டாலும், அடிக்குறிப்பிலேயே அடங்கிவிடுகிறது. ஆயினும் ஒரு சபை தான் அறிக்கையிடும் நற்செய்தியை உண்மையாகவே நம்புகிறதா என்பதை அதன் விசுவாசப் பிரமாணத்தைக் காட்டிலும் அதன் இருக்கைகளே தெளிவாகச் சொல்லும் நேரங்கள் உண்டு. அத்தகைய ஒரு நேரத்தை, வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் 1858ஆம் ஆண்டு தொடங்கிய ஒரு குடியேற்றத்தின் வரலாற்றில் நாம் காண்கிறோம். கலிபோர்னியாவிலிருந்து வான்கூவர் தீவுக்குச் சென்ற கறுப்பின மக்களின் வரலாறு அது. அவர்கள் எதைத் தேடிச் சென்றனர், திருச்சபை அவர்களை எவ்வாறு ஏற்றது, அவர்கள் விட்டுச்சென்ற மரபு யாது என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

1. புறப்பாட்டின் காரணங்கள்

கலிபோர்னியா 1850இல் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒரு மாநிலமாகச் சேர்ந்தபோது, அடிமைமுறையை விலக்கிய மாநிலமாகவே சேர்ந்தது. பொன் தேடி அங்குச் சென்றோருள் கறுப்பின மக்களும் இருந்தனர். அவர்களுட் சிலர் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டு, ஓய்வு நேரத்தில் சுரங்கத்தில் உழைத்துச் சேர்த்த பொன்னைக் கொடுத்துத் தம்மையே விலைக்கு மீட்டுக்கொண்டவர்கள். பிறர் கிழக்கு மாநிலங்களில் கல்வியும் தொழிலும் பெற்ற சுதந்தர மக்கள். பிலடெல்பியாவில் 1823இல் பிறந்த மிஃப்ளின் விஸ்டார் கிப்ஸ் இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்தவர். அவர் சான் பிரான்சிஸ்கோவில் பீட்டர் லெஸ்டர் என்பவருடன் கூட்டாகக் காலணி வாணிகம் நடத்திச் செழித்தார்.

எனினும், அடிமைமுறை இல்லாத மாநிலத்தில் நீதி இருந்தது என்று கொள்வதற்கில்லை. வெள்ளையர் ஒருவருக்கு எதிராகக் கறுப்பினத்தார் சாட்சி சொல்லலாகாது என்று 1850இலும் 1851இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. கடையிற் புகுந்து ஒருவன் பொருளைக் கவர்ந்தாலும், கடைக்காரர் கறுப்பினத்தவராயின் நீதிமன்றத்தில் அவர் வாய் திறக்க இயலாது. 1852இல் தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக் கொடுக்கும் சட்டம் வந்தது. 1857 மார்ச்சில், டிரெட் ஸ்காட் வழக்கில், கறுப்பினத்தார் ஐக்கிய நாடுகளின் குடிமக்கள் ஆகார் என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

1858இன் தொடக்கத்தில் ஆர்ச்சி லீ என்னும் இளைஞரின் வழக்கு எழுந்தது. மிசிசிப்பியிலிருந்து தம்மைக் கொண்டுவந்தவரிடமிருந்து விடுதலை கோரினார் அவர். மாநில அரசியலமைப்பு அடிமைமுறையைத் தடைசெய்கிறது என்பதை ஒப்புக்கொண்ட மாநில உச்ச நீதிமன்றம், அவரைக் கொண்டுவந்தவர் இளைஞர், உடல்நலம் குன்றியவர், சட்டம் அறியாதவர் எனக் காரணங்காட்டி, ஆர்ச்சியை அவரிடமே ஒப்படைக்கும்படி ஆணையிட்டது. கறுப்பின மக்கள் பொருள் திரட்டித் தொடர்ந்து வழக்காடியதன் பயனாக ஏப்ரலில் அவர் விடுதலை பெற்றார். ஆனால் அதே ஆண்டு, மேலும் கறுப்பினத்தார் மாநிலத்துக்குள் வருவதைத் தடுக்கும் மசோதா சட்டமன்றத்தின் கீழவையில் நிறைவேறியது. அது சட்டமாகாமற் போயினும், அதனால் விளைந்த அச்சம் நீங்கவில்லை.

அந்த ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவின் சீயோன் ஆலயத்தில் அவர்கள் கூடினர். எங்குச் செல்வது என்பதே அன்றைய ஆய்வு. மெக்சிகோவின் சொனோரா, பனாமா, பிரித்தானிய வான்கூவர் தீவு ஆகிய மூன்றும் பேசப்பட்டன. பிரித்தானியப் பேரரசில் 1834 முதல் அடிமைமுறை ஒழிந்திருந்தது. தீவுக்குச் செல்லும் ‘கொமடோர்’ என்னும் நீராவிக் கப்பலின் தலைவர் ஜெரமையா நேகல், அங்குள்ள நிலைமையை அவர்களுக்கு எடுத்துரைத்தார். முடிவில், முன்னோடிக் குழு ஒன்று புறப்பட்டது.

இம்முடிவு வேறெங்குமன்றி ஓர் ஆலயத்தில் எடுக்கப்பட்டது என்பது கருதத்தக்கது. அவ்வாலயத்தின் பெயர்வழி நாம் இன்னொன்றையும் நினைவுகூர வேண்டும். ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எப்பிஸ்கோப்பல் சீயோன் சபை, நியூயார்க்கில் வெள்ளையர் ஆலயமொன்றில் தமக்கு நேர்ந்த ஒதுக்குதலைப் பொறாது 1796இல் பிரிந்து வந்தோரிடமிருந்து தோன்றியது. ஆகவே, ஆலய இருக்கை என்பது இம்மக்களுக்குப் பழைய காயம்.

2. விக்டோரியாவில் கிடைத்த வரவேற்பு

1858 ஏப்ரல் 25, ஞாயிற்றுக்கிழமை, கொமடோர் கப்பல் விக்டோரியாவை அடைந்தது. அதில் வந்த ஏறத்தாழ 450 பேரில் 35 பேர் கறுப்பின மக்கள். மற்றையோர் பிரேசர் ஆற்றின் பொன்னை நாடி வந்தவர்கள். சில நூறு பேரே வாழ்ந்த சிற்றூர் ஒரே நாளில் இருமடங்கு ஆயிற்று. அன்று கரையிறங்கிய கறுப்பின மக்கள் முதலில் செய்தது தங்குமிடம் ஒன்றைப் பெற்று, ஒன்றாகக் கூடி இறைவனைத் துதித்ததே. ஊரின் ஆங்கிலிக்கன் குருவானவரான எட்வர்டு கிரிட்ஜ் அவர்களை அன்புடன் ஏற்றார். பின்வந்த மாதங்களிலும் ஆண்டுகளிலும் ஏறத்தாழ 600 முதல் 800 வரையிலான கறுப்பின மக்கள் அக்குடியேற்ற நாட்டுக்கு வந்தனர் என வரலாற்றாசிரியர் கணிக்கின்றனர். ஆர்ச்சி லீயும் அவர்களுள் ஒருவர்.

தீவின் ஆளுநராயிருந்த ஜேம்ஸ் டக்ளஸ், தென் அமெரிக்காவின் டெமரேராவில் 1803இல் பிறந்தவர். அவருடைய தாயார் பார்படோஸ் தீவின் கலப்பினச் சுதந்தரப் பெண்மணி. அவர் மணந்த அமீலியா, கிரீ முதற்குடி மரபில் வந்த தாய்க்குப் பிறந்தவர். இப்பின்னணி ஆளுநரின் உள்ளத்தை இளக்கியிருக்கலாம். ஆயினும், ஆயிரக்கணக்கான அமெரிக்கர் வந்து குவிகையில் பிரித்தானிய ஆட்சிக்கு உண்மையாயிருக்கும் குடிகள் அவருக்குத் தேவைப்பட்டனர் என்பதையும் மறத்தலாகாது. அருளும் அரசியலும் ஒரே வாயிலில் நின்று இவர்களை வரவேற்றன.

நிலம் ஏக்கர் ஒன்றுக்கு ஒரு பவுன் விலையில் கிடைத்தது. நிலமுடையோர் வாக்களிக்கலாம், நீதிமன்றத்தில் நடுவராய் அமரலாம், சாட்சி சொல்லலாம். 1860ஆம் ஆண்டுத் தேர்தலில் ஒரு விந்தை நிகழ்ந்தது. அயல்நாட்டார் என்ற காரணத்தால் இவர்கள் வாக்களிக்கலாகாது என எதிர்த்தரப்பினர் வாதிட்டனர். டிரெட் ஸ்காட் தீர்ப்பின்படி இவர்கள் அமெரிக்கக் குடிமக்களே அல்லராதலால், அரசிக்குப் பற்றுறுதிமொழி எடுத்தமட்டில் வாக்களிக்கலாம் என்று மற்றத் தரப்பினர் வாதிட்டனர். இவர்களை மனிதர் நிலையினின்று தள்ளிய தீர்ப்பே இங்கு வாக்குரிமைக்கு வழியாயிற்று.

3. இருக்கை வழக்கு

இம்மக்கள் தீவுக்கு வந்தபோது தமக்கெனத் தனிச்சபை நிறுவுவதில்லை என்னும் உறுதியுடன் வந்தனர். நாம் மேலே குறித்த சீயோன் சபையின் வரலாற்றை எண்ணிப் பார்த்தால் இம்முடிவின் அருமை விளங்கும். தனிச்சபை அவர்கட்கு அந்நியமானதன்று. அவர்களை வளர்த்ததே அதுதான். எனினும், புதிய நாட்டில் ஒரே ஆலயத்தில், ஒரே மக்களாய், அனைவருடனும் அமர வேண்டும் என அவர்கள் விரும்பினர்.

சோதனை விரைவில் வந்தது. ஆங்கிலிக்கன் ஆலயத்தில் இரு நிறத்தாரும் கலந்து அமர்வதைக் குறைகூறி 1858ஆம் ஆண்டிலேயே ஊர்ச் செய்தித்தாளில் ஒரு வெள்ளையரின் கடிதம் வெளிவந்தது. கறுப்பின மக்கள் தரப்பிலிருந்து அதற்கு மறுமொழியும் வந்தது. கிரிட்ஜ் பிரிவினைக்கு இடங்கொடுக்கவில்லை. 1860இல் வந்து சேர்ந்த பேராயர் ஜார்ஜ் ஹில்ஸும் நிறவேற்றுமையை எதிர்த்தார்.

காங்கிரிகேஷனல் சபையிலோ நிலைமை வேறாயிற்று. லண்டனிலிருந்த குடியேற்ற நாடுகளுக்கான மிஷன் சங்கம் 1859இல் இருவரை அனுப்பியது. ஒருவர் கனடாவிலிருந்து வந்த வில்லியம் எஃப். கிளார்க், மற்றவர் இங்கிலாந்திலிருந்து வந்த மாத்யூ மக்ஃபி. கிளார்க் முதலில் வந்து ஆராதனையைத் தொடங்கினார். கறுப்பின மக்களுக்கென ஒரு மூலையை ஒதுக்கும்படி வெள்ளையர் சிலர் அவரை வேண்டினர். அவர் மறுத்தார். வெள்ளையர் விலகினர். மக்ஃபி அவ்வேண்டுகோளுக்கு இணங்கி, கறுப்பினத்தாருக்குத் தனியிடம் ஒதுக்கி வேறோர் ஆராதனையைத் தொடங்கினார். ஒரே சங்கம், ஒரே சபைமரபு, ஒரே திருமறை. ஆனால் சில தெருக்களே கொண்ட ஊரில் இரண்டு பலிபீடங்கள்! வழக்கு லண்டனுக்குச் சென்றது. சங்கம் மக்ஃபியைத் திரும்ப அழைக்கவில்லை. கிளார்க்கின் சபை நலிந்தது. 1860இல் அவர் ஊரைவிட்டு நீங்கினார். பின்னர் ஒண்டாரியோவில் வேளாண்மை இதழொன்றின் ஆசிரியராகவும் பணியாற்றினார்.

இத்தகைய ஏற்பாடுகளுக்கு ஆதரவாக எக்காலத்தும் சொல்லப்படும் நியாயம் ஒன்று உண்டு. சபை முதலில் நிலைக்க வேண்டும். காணிக்கை கொடுப்போர் விலகினால் ஆலயமே எழாது. மனமாற்றத்தைக் காலத்திடம் விட்டுவிடலாம் என்பதே அது. இதனை எளிதில் தள்ளிவிட இயலாது. கிளார்க்கின் பணி தோற்றது, மக்ஃபியின் பணி நின்றது என்பது வெளிப்படை. ஆயின், நின்றது எது என்று நாம் கேட்க வேண்டும். பொன்மோதிரம் அணிந்தவனுக்கு நல்லிடமும் ஏழைக்குக் காலடியும் கொடுக்கும் சபையைப் பற்றி யாக்கோபு தமது நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் எழுதியது விக்டோரியாவுக்கும் எழுதியதே. அங்குப் பட்சபாதம் மேலான நாகரிகக் குறைவாகக் கருதப்படவில்லை. பாவம் என்றே பெயரிடப்படுகிறது.

இதே காங்கிரிகேஷனல் மரபைச் சார்ந்த மதுரை அமெரிக்கன் மிஷன், 1847இல் சாதி வேற்றுமையை விட்டொழித்தலைத் திருவிருந்தில் பங்குபெறுவதற்கு நிபந்தனையாக்கியதையும், அதனால் பலர் சபையை விட்டு விலகியதையும் நம் வாசகர் அறிவர். அதற்கு முன்னரே, 1833இல், பேராயர் டேனியல் வில்சன் தென்னிந்தியச் சபைகளுக்கு விடுத்த சுற்றறிக்கை பெரும் பூசலை விளைத்தது. ஒரே சபைமரபு ஓரிடத்தில் விலகுவோரை விலகவிட்டது. பிறிதோரிடத்தில் அவர்களை நிறுத்திக்கொள்ள மூலை ஒன்றை ஒதுக்கியது. சபைமரபு மட்டும் எவரையும் காப்பதில்லை என்பது இதனால் பெறப்படும்.

ஆலயத்தில் தொடங்கியது ஆலயத்தோடு நிற்கவில்லை. 1860இலும் 1861இலும் ஊரின் நாடகக் கொட்டகையில் நல்ல இருக்கைகளில் அமர்ந்த கறுப்பின மக்கள் தாக்கப்பட்டனர். கறுப்பின மக்கள் தம் செலவில் அமைத்துப் பயிற்சி பெற்ற விக்டோரியா முன்னோடித் துப்பாக்கிப் படை, 1864இல் புதிய ஆளுநரை வரவேற்கும் அணிவகுப்பில் சேர்க்கப்படவில்லை. தம்மை அழைத்து வாழ்வித்த டக்ளஸின் பிரிவுபசார விருந்திலும் இவர்களுக்கு இடமில்லை.

4. காடு திருத்தியோர்

விக்டோரியாவுக்கு வந்தோரெல்லாம் நகரில் தங்கவில்லை. 1859 முதல் சால்ட் ஸ்பிரிங் தீவில் நிலத்தைப் பிடித்துப் பண்படுத்திப் பின்னர் விலை கொடுக்கும் ஏற்பாடு இருந்தது. அதனை ஏற்ற முதல் குடியானவர்களுள் கறுப்பினக் குடும்பங்கள் பல.

சில்வியா ஸ்டார்க் அம்மையார் அவர்களுள் ஒருவர். மிசௌரி மாநிலத்தில் 1839இல் அடிமையாகப் பிறந்தவர். கலிபோர்னியாவில் பொன் தோண்டிச் சம்பாதித்த தந்தையின் உழைப்பால் குடும்பம் மீட்கப்பட்டது. தம் கணவர் லூயி ஸ்டார்க்குடனும் சிறு குழந்தைகளுடனும் 1860இல் அத்தீவை அடைந்தார். கறவைப் பசுக்களையும் உடன் கொண்டுவந்தனர். ஓங்கிய மரங்களை வெட்டி, குடிசை கட்டி, ஆப்பிள் மரங்களை நட்டனர். அம்மையார் 1944இல் தம் நூறு வயதையும் கடந்து மறையும்வரை அத்தீவே அவர் இல்லமாயிருந்தது. அவர் சொல்லக் கேட்டவற்றை மகள் மரீ எழுதிவைத்தார். அடிமையாய்ப் பிறந்த ஒருவரின் வாழ்வு அவர் குடும்பத்தாரின் கையாலேயே எழுதப்பட்டு நமக்குக் கிடைத்திருப்பது பெரும் பேறு. மற்றொரு மகளான எம்மா, 1874இல் பதினெட்டாம் அகவையில் வான்கூவர் தீவில் பள்ளி ஆசிரியையானார்.

ஓபர்லின் கல்லூரியில் பயின்ற ஜான் கிரேவன் ஜோன்ஸ், சால்ட் ஸ்பிரிங் தீவின் பிள்ளைகளுக்குக் கல்வி கற்பித்தவர். தீவின் இரு பகுதிகளுக்கும் நடந்து சென்று, வாரநாள்களைப் பகிர்ந்து, நிறவேற்றுமையின்றி எல்லாப் பிள்ளைகளுக்கும் கற்பித்தார். பல ஆண்டுகள் அரசிடமிருந்து ஊதியம் பெறாமலே அப்பணியைச் செய்தார். நனைமோவிலிருந்த மெதடிஸ்ட் போதகர் எபினேசர் ராப்சன் அவ்வப்போது வந்து குடிசைகளில் ஆராதனை நடத்தினார். சானிச் பகுதியில் குடியேறிய சார்ல்ஸ் அலெக்சாண்டர் தச்சர், ஷேடி கிரீக் மெதடிஸ்ட் சபையின் ஆலயப் பணியில் தோள்கொடுத்தவர், பிரசங்கமும் செய்தவர்.

கிப்ஸ், 1866இல் விக்டோரியா நகர மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். குடியேற்ற நாடு கனடாவுடன் இணைய வேண்டும் என்று கோரிய 1868ஆம் ஆண்டு யேல் மாநாட்டில் சால்ட் ஸ்பிரிங் தீவின் பிரதிநிதியாக அமர்ந்தார். அந்த இணைப்பு 1871இல் நிறைவேறியபோது அவர் அங்கில்லை. உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைமுறை ஒழிந்தபின், 1865 முதல் பலர் தம் தாய்நாடு திரும்பினர். கிப்ஸும் 1870இல் திரும்பி, 1873இல் ஆர்க்கன்சாவின் லிட்டில் ராக் நகரில் நீதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சாட்சி சொல்லவும் உரிமையற்றிருந்தவர் நீதியிருக்கையில் அமர்ந்தார்.

5. பிறர் நிலத்தில்

இவ்வரலாற்றை விடுதலைப் பயணமாகப் படிப்பது இயல்பே. அவர்களும் யாத்திராகமத்தின் மொழியில் வளர்ந்தவர்கள். ஆனால், வாக்களிக்கப்பட்ட நாட்டில் முன்னரே மக்கள் வாழ்ந்தனர் என்பதை யாத்திராகமத்தைப் படிப்போர் மறக்கலாகாது.

விக்டோரியா அமைந்த நிலம் லெக்வுங்கன் மக்களுடையது. 1850 முதல் 1854 வரை டக்ளஸ் தீவின் சில பகுதிகளுக்காக முதற்குடி மக்களுடன் ஒப்பந்தங்கள் செய்தார். சால்ட் ஸ்பிரிங் தீவு அவற்றுள் அடங்கவில்லை. ஆகவே, ஸ்டார்க் குடும்பமும் பிறரும் பண்படுத்திய மண், கௌவிச்சன் முதலிய மக்கள் எவருக்கும் கையளித்திராத மண். 1862இல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கப்பல்வழி வந்த பெரியம்மை விக்டோரியாவில் பரவியபோது, ஊரைச் சுற்றித் தங்கியிருந்த முதற்குடி மக்கள் விரட்டப்பட்டனர். அவர்கள் நோயைத் தம் ஊர்களுக்குக் கொண்டுசென்றனர். கரையோரமெங்கும் பல்லாயிரவர் மாண்டனர்.

1868இல் சால்ட் ஸ்பிரிங் தீவில் வில்லியம் ராபின்சன், கைல்ஸ் கர்ட்டிஸ் என்னும் இரு கறுப்பினக் குடியானவர் கொல்லப்பட்டனர். ராபின்சன் கொலைக்காகச் சுவானஹுசெட் என்னும் முதற்குடி மனிதர் 1869இல் தூக்கிலிடப்பட்டார். அவர்மீது காட்டப்பட்ட சாட்சியம் போதுமானதா என வரலாற்றாசிரியர் ஐயுறுகின்றனர். கொல்லப்பட்டவர், சாட்சி சொல்ல உரிமையற்ற நாட்டினின்று வந்த மக்களுள் ஒருவர். தூக்கிலிடப்பட்டவர், தம் மொழியில் நடவாத வழக்கில் தீர்க்கப்பட்டவர். இருவருக்கும் இழைக்கப்பட்டதை ஒரே ஏட்டில் எழுதுவதே நேர்மையான வரலாறு.

இதனால் கறுப்பினக் குடியேறிகளின் பெருமை குறைகிறது என்பது நம் கருத்தன்று. ஒடுக்கப்பட்டோர் புகலிடம் தேடுகையில், அப்புகலிடமும் ஒரு பேரரசு மற்றொருவரிடமிருந்து எடுத்துத் தந்ததாயிருத்தல் கூடும். அக்குற்றத்தின் பெரும்பங்கு எடுத்துத் தந்தோருடையது. ஆனால் அதைச் சொல்லாமல் விடுத்துப் பிரசங்கிக்கும் விடுதலை அரைகுறை விடுதலையே.

6. அவர்கள் விட்டுச்சென்ற மரபு

தனிச்சபை அமைப்பதில்லை என்று வந்த மக்களின் உறுதிக்குத் திருச்சபை ஏற்ற மறுமொழி தரவில்லை. ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பின், 1918இல், வான்கூவர் நகரின் கறுப்பின மக்கள் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எப்பிஸ்கோப்பல் சபையின் ஆலயமொன்றைத் தமக்கென அமைத்தனர். ‘ஃபவுண்டன் சேப்பல்’ என்று பெயர்பெற்ற அவ்வாலயம் ஹோகன்ஸ் ஆலி என்னும் குடியிருப்பின் நடுநாயகமாய் விளங்கியது. 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில், பெருஞ்சாலைப் பாலங்களுக்காக அக்குடியிருப்பின் பெரும்பகுதி இடிக்கப்பட்டது. தனிச்சபை பிரிவினையின் விளைவா, பிரிவினைக்கு எதிரான அரணா என்று கேட்டால், இரண்டும் என்பதே விடை. கதவை மூடியவர்கள், வெளியே நின்றோர் தமக்கென வீடு கட்டிக்கொண்டதைக் குறைசொல்ல இயலாது.

இவ்வரலாறு இறையியல் மாணவர்க்கு மூன்று செய்திகளை வைக்கிறது. முதலாவது, சட்டம் தரும் சமத்துவமும் சபை தரும் சமத்துவமும் ஒன்றல்ல. விக்டோரியாவில் நீதிமன்றம் திறந்த கதவை ஓர் ஆலயம் மூடியது. இரண்டாவது, பணியின் வெற்றி எண்ணிக்கையால் அளக்கப்படுவதன்று. கிளார்க் ஆள் இழந்தார், ஊர் இழந்தார். ஆனால் தனிச்சபை வேண்டாம் என்று வந்த மக்களின் விருப்பத்தை அவர் மதித்தார். அவர் மறுத்திராவிடின், அவ்வூர்க் காங்கிரிகேஷனலார் வரலாற்றில் நாம் சுட்டிக்காட்டும் நல்ல சாட்சி ஒன்றும் இராது. மூன்றாவது, ஒடுக்கப்பட்டோரின் வரலாற்றை எழுதுவோர், அவர்கள் அருகே வாழ்ந்த மற்றோர் ஒடுக்கப்பட்டோரையும் காணும் கண்ணுடையராய் இருத்தல் வேண்டும்.

ஒரு சேகரத்தில் புதிதாய்ப் பொறுப்பேற்கும் திருப்பணியாளர், அச்சேகரத்தின் வரலாற்றை அறிய ஆண்டறிக்கையையும் கணக்கேட்டையும் புரட்டுவது வழக்கம். அவற்றோடு, ஆராதனை நேரத்தில் யார் எங்கு அமர்கிறார்கள், திருவிருந்துக்கு யார் முதலில் எழுந்து வருகிறார்கள், கல்லறைத் தோட்டத்தில் யார் எந்த ஓரத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள் என்பவற்றையும் அவர் பார்த்துக்கொள்வது நலம். மூலை ஒன்றை ஒதுக்கித் தரும்படி கேட்போர் அவரிடமும் வருவர். அவர்கள் பெரும்பாலும் சபைக்கு நல்லவர்களாகவும், காணிக்கையில் தாராளமானவர்களாகவும் இருப்பர். அப்போது சொல்லவேண்டிய மறுமொழியை அவர்கள் வருவதற்கு முன்னரே ஆயத்தம் செய்துகொள்வது, நாம் அருளுரைக்கு ஆயத்தம் செய்வதைக் காட்டிலும் குறைந்த கடமையன்று.